கோமளம் செய்த முகம்

தஞ்சாவூர்தான் சார், நானும். கடைசி வரைக்கும் ஒரே பஸ்ஸுலதான் போறோம். என்ன ஜோலின்னு கேட்டீங்க. சொன்னா சிரிப்பீங்க. ஒரு பொம்மை எடுத்துட்டு வரப் போறேன். தலையாட்டி பொம்மையான்னு கேக்குறீங்க பாத்தீங்களா, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அது இல்ல. இது வெறும் தலை. ஆடாது. சுட்ட மண்ணு. என் தங்கச்சி செஞ்சது.

நமக்குத் தாராசுரம். மாவு மில்லு வச்சிருக்கேன். பேரு வைரக்கண்ணு. அந்தப் பக்கம் வந்தா யாரை வேணா கேளுங்க, வைரக்கண்ணு எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லுவாங்க. அப்பா போனப்ப எனக்கு மீசை கூட சரியா வரல. அம்மா அதுக்கு முந்தியே போயிட்டாங்க. தங்கச்சி கோமளவல்லி அப்ப பாவாடை சட்டை. அவளை ஒரு கையில பிடிச்சிக்கிட்டு, மில்லை ஒரு கையில பிடிச்சிக்கிட்டு நின்னேன். சொந்தக்காரன்னு ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. நான்தான் சோறாக்கினேன். நான்தான் தலை பின்னி விட்டேன். கோணல்மாணலாத்தான் வரும், அதோடதான் பள்ளிக்கூடம் போவா. இதையெல்லாம் இப்ப யாரு நெனச்சுப் பாக்குறா?

அவளுக்கு நான் ஒரு கொறை வைக்கல சார். அதை முதல்ல சொல்லிடுறேன். பின்னாடி சொல்லப்போறதைக் கேட்டுட்டு நீங்க வேற மாதிரி நெனச்சிடக் கூடாது.

கல்யாணம் ஆகல. அமையல. இடது புருவத்துல ஒரு தழும்பு. புருவத்தைப் பொளந்துகிட்டு கன்னத்து மேடு வரைக்கும் இறங்கும். அந்தப் பக்கத்து இமை பாதி சாஞ்சே கெடக்கும். மில்லுப் படியில விழுந்துட்டா. பத்தொம்பது இருபது வயசுல. அந்த வயசுல படியில எப்படி விழுவான்னு கேப்பீங்க. விழுந்தா. அவ்வளவுதான்.

பொண்ணு பாக்க வந்தவங்க காபியைக் குடிச்சிட்டு, சொல்லி அனுப்புறோம்னுட்டுப் போவாங்க. ஒரு கட்டத்துல நானே நிறுத்திட்டேன். வீட்டோட இருந்துட்டா. முந்தானையை இடது பக்கமா இழுத்து விட்டுக்குவா. மில்லுல மாவு சலிப்பா, அரவைக்கு வர்றவங்க டப்பாவை வாங்கி வரிசையா வைப்பா, வீட்டுல என் சம்சாரம் இந்திராணிக்குக் கூடமாட வேலை. என் புள்ளைங்களை வளத்ததே அவதான். ஆனா எங்க வீட்டுக் கல்யாண போட்டோ எதை எடுத்துப் பாத்தாலும் அவ இருக்க மாட்டா. போட்டோக்காரன் வந்தா அடுப்படிக்குப் போயிடுவா. வெள்ளிக்கெழமைன்னா வெரதம். கோயில்ல கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிப்பா. தீபாராதனை காட்டினாக்கூடத் தெறக்க மாட்டா. சாமியைப் பாருடின்னா, "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேண்ணே"ம்பா.

அப்படி இருந்தவ சார். வாயே கெடையாது. பொம்பளைன்னா கோமளம் மாதிரி இருக்கணும்னு தெருவுல சொல்லுவாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்.

அப்பத்தான் அந்த ஆளு வந்தாரு. அருள்தாஸ்னு ஒரு வாத்தியாரு. ஊருக்கு வெளியில ஒரு ஓவியக் காலேஜ் இருக்கு, அங்க சிலை செய்யச் சொல்லிக் குடுக்குறவரு. கோதுமை அரைக்க வருவாரு. ஒருநாள் டப்பாவைக் குடுத்தவரு, போகாம நின்னுக்கிட்டே இருக்காரு. உள்ள கோமளம் சலிச்சிக்கிட்டு இருக்கா. மூஞ்சியெல்லாம் மாவு. தலைமுடி, இமை, ஒதடு எல்லாம் வெள்ளை. நான் தெனம் பாக்குற கோலம்தான். அவருக்கு அதுல என்னமோ தெரிஞ்சிருக்கு.

"உங்க தங்கச்சியா?"ன்னாரு.

"ஆமாம்."

"எங்க பசங்க மண்ணுல தலை செஞ்சு பழகுறாங்க. எதிர்ல யாராவது உக்காரணும். சும்மா உக்காந்தாப் போதும். இவங்க வருவாங்களா? மத்தியானம் கொஞ்ச நேரம்."

நான் சிரிச்சிட்டேன். "ஊர்ல எத்தனையோ நல்ல மூஞ்சி இருக்கு சார். இதைப் போய் கேக்குறீங்களே"ன்னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். மில்லு ஓடுற சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்.

மறுநாள் மத்தியானம் மில்லை நிறுத்தினதும் மூஞ்சி கழுவிக்கிட்டு வந்து நிக்கிறா. "அண்ணே, நான் போறேன்."

"எங்க?"

"அந்தக் காலேஜுக்கு."

போகட்டுமான்னு கேக்கல சார். போறேன்னா. சரி, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவான்னு விட்டுட்டேன். சாயங்காலம்தான் வந்தா. அப்புறம் தெனமும் போனா. ஒரு வாரம் போனா அலுத்துடும்னு இந்திராணி சொன்னா. அலுக்கல. டீக்கடையில ஒருத்தன் கேட்டான், "என்ன வைரக்கண்ணு, உன் தங்கச்சியைப் பசங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்களாமே?" எப்படி இருக்கும் எனக்கு? கிளாஸை அப்படியே வச்சிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பாத்தா ஒரு பெரிய கொட்டாய். நடுவுல ஒரு மரப்பெட்டி. அது மேல இவ உக்காந்திருக்கா. சுத்தி வர பசங்களும் பொண்ணுங்களும், ஆளுக்கு ஒரு பலகை, பலகை மேல ஒரு மண்ணு உருண்டை. உருண்டைன்னா நெனைக்கிறீங்க? எல்லாம் கோமளம் சார். எங்க திரும்பினாலும் கோமளம். ஒருத்தன் மூக்கு பெருசா வச்சிருக்கான், ஒருத்தி கழுத்தை நீட்டி வச்சிருக்கா, ஆனா புருவத்துல மட்டும் ஒருத்தன் கூட தப்பு பண்ணல. அத்தனை தலையிலயும் அந்தப் பொளவு. அந்தச் சாஞ்ச இமை. அளந்து வச்ச மாதிரி.

முந்தானை தோள்ல கெடக்கு. மூஞ்சியில துணி இல்ல.

"எந்திரி"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

அவ அசையல. அந்த வாத்தியாரு கிட்ட வந்து, "கொஞ்சம் பொறுங்க, இப்ப அசைஞ்சா வெளிச்சம் மாறிடும்"னாரு. என்னை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல சார். எல்லாரும் அவளையே பாக்குறாங்க. நானும் வேற எங்க பாக்குறது? அவளைத்தான் பாத்தேன். தங்கச்சி மூஞ்சியை உக்காந்து யாரு பாக்குறா, தெரிஞ்ச மூஞ்சிதானே. நரைச்சிருக்கு. எப்ப நரைச்சுதுன்னு தெரியல. அவ கண்ணு என் பக்கம் வந்துச்சு. கோவம் இல்ல, பயம் இல்ல. சும்மா பாத்துது. அந்தக் கொட்டாயில காத்தே கெடையாது. வெளியில வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். கத்தாம இருப்பனா? "நாலு பேரு பாக்க உக்காந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"ன்னேன்.

அவ செருப்பைக் கழட்டிட்டு நின்ன எடத்துலயே சொன்னா. "வெக்கப்பட்டேண்ணே, மொத நாளு. ரெண்டாவது நாளும். அப்புறம்தான் தோணுச்சு. என்னை ஏசாம, எதுவும் ஏவாம, சும்மா பாத்தவங்க இது வரைக்கும் யாருமே இல்ல. அவங்க பாக்குறப்ப நான் அழகா இல்ல, அசிங்கமாவும் இல்ல. இருக்கேன், அவ்வளவுதான். மூச்சு தன்னால போவுது, வருது. இத்தனை வெரதம் இருந்தேனே, இப்படி ஒரு நிமிசம் எனக்கு அமைஞ்சதில்ல."

"நாளையில இருந்து போகக் கூடாது."

"போவேண்ணே."

நான் கையைத் தூக்கினேன். அடிக்க இல்ல சார். கொடியில துண்டு கெடந்துச்சு, அதை எடுக்கத்தான். முன்னெல்லாம் நான் கையை அசைச்சாலே அவ கண்ணை மூடிக்குவா, தோளைக் குறுக்கிக்குவா. பழக்கம். அன்னிக்கு மூடல. நேரா பாத்துக்கிட்டு நிக்கிறா. இந்திராணி அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. நான் துண்டை எடுத்துக்கிட்டு வெளியில போயிட்டேன்.

பாபநாசம் வந்துடுச்சா? கூட்டம் ஏறுது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்த அம்மா உக்காரட்டும்.

அப்புறம் என்ன, அவ கையே மண்ணாப் போச்சு. காலேஜ்ல இருந்து மண்ணு கொண்டாந்து மில்லுக்குப் பின்னாடி இருக்குற சாய்ப்புல வச்சிக்கிட்டு ஏதோ பிசையுறா. வேலையில ஒரு கொறை இல்ல. சலிக்கிறா, சமைக்கிறா, எல்லாம் செய்யுறா. ஆனா வேற ஆளு. இந்திராணியும் இவளும் பேசிச் சிரிக்கிறாங்க. என்ன சிரிப்புன்னு போனா நிறுத்திடுறாங்க. வெள்ளிக்கெழமை வெரதத்தை விட்டுட்டா. எனக்கு அதுதான் பொறுக்கல. சாமி காரியத்துல வெளையாடலாமா? ஒருநாள் நான் கோயிலுக்குப் போனா அங்க இவ நிக்கிறா. சன்னதியில இல்ல. மண்டபத்துல ஒரு தூணுக்கு முன்னாடி.

"சாமி அங்க இருக்கு"ன்னேன்.

"இங்க ஒரு பொம்பளை இருக்காண்ணே, பாருங்க. மூக்கு ஒடைஞ்சு, ஒரு கை போயி. எந்தக் காலத்துல இருந்தோ நிக்கிறா. இந்த ஊர்லயே பொறந்து வளந்தும் நான் இவளைப் பாத்ததே இல்ல. கண்ணை மூடிக்கிட்டே வந்துட்டுப் போயிருக்கேன்." சொல்லிட்டுக் கையைக் கூப்பினா. தூணுக்கு சார். கண்ணு ரெண்டும் தெறந்திருக்கு, தண்ணி வழியுது, மூஞ்சி மட்டும் சிரிச்ச மூஞ்சியா இருக்கு. பக்கத்துல போற சனமெல்லாம் பாக்குது. எனக்குப் பயமாப் போச்சு. புத்தி கித்தி பெசகிடுச்சான்னு. வைத்தியர்கிட்டக் காட்டலாமான்னு இந்திராணிகிட்டக் கேட்டேன். "யாரைக் காட்டணும்?"னு கேட்டா அவ. பொம்பளைங்க ஒண்ணு சேந்தா இப்படித்தான்.

சாய்ப்புல ஈரத்துணி போத்தி ஒண்ணு வச்சிருந்தா. ரொம்ப நாளா அதையே பிடிச்சிக்கிட்டு இருந்தா. அவுத்துப் பாத்திருக்கலாம். நான் பாக்கல. எனக்கென்ன. அப்புறம் அதைச் சூளையில வச்சு சுட்டாங்களாம். காலேஜ்காரங்க தஞ்சாவூர்ல ஒரு ஹால் எடுத்து, பசங்க செஞ்சதையெல்லாம் கண்காட்சி வச்சாங்க. அந்த வாத்தியாரு, இதையும் அங்க வைக்கணும்னுட்டாரு. "அண்ணே, நீங்க ஒருதடவை வந்து பாக்கணும்"னா. கூப்பிடுறாளேன்னு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன்.

போனா, நான் சார்.

என் தலை. இப்ப இருக்குற தலை இல்ல. அப்ப, மீசை கருகருன்னு இருந்தப்ப. நெத்தி, காது, தாடையில இருக்குற இந்தக் குழி, எல்லாம் எனக்குத்தான். ஆனா வாயைப் பொளந்துகிட்டு அழுவுது. சாதாரணமா அழுவுறது இல்ல. சின்னப்புள்ள கூட்டத்துல காணாமப் போனா அழும் பாருங்க, வாய் கோணி, கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கிட்டு, அப்படி. கீழ ஒரு சீட்டு. 'அண்ணன்'னு போட்டிருக்கு.

"என்னடி இது? நான் எப்ப இப்படி அழுதேன்?"னேன்.

மெதுவாத்தான் சொன்னா. "அன்னிக்கு என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீங்களேண்ணே. வண்டி கெடைக்கல. ரோட்டுல ஓடினீங்க. என் ஒரு கண்ணை ரத்தம் மூடிடுச்சு. இன்னொரு கண்ணால உங்களைப் பாத்துக்கிட்டே வந்தேன். மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு. என் அண்ணன் இப்படி அழுவுமான்னு இருந்துச்சு. அந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுத்தான் இத்தனை வருசம் உங்க வீட்டுல இருந்தேன். அது இல்லாட்டி எப்படிண்ணே இருந்திருப்பேன்?"

பாத்தீங்களா பேச்சை. ஓடினேன்தான். இல்லைன்னு சொல்லல. தங்கச்சி ரத்தமாக் கெடந்தா அண்ணன் தூக்கிக்கிட்டு ஓட மாட்டானா? ஊர்ல எவனா இருந்தாலும் ஓடுவான். அதுக்காக அழுதேன்னு அர்த்தமா? வேர்வையா இருந்திருக்கும். நடு வெயில்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, நான் மெசினைக் கழட்டி பெல்ட்டை மாட்டிக்கிட்டு இருந்தேன். கையில ஸ்பேனர். பெருசு, இந்த நீளம். இவ யாரோ ஒரு பையனோட பேசிக்கிட்டு நின்னான்னு ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போயிருந்தான். அந்த நேரம் பாத்து இவ உள்ள வர்றா. அப்பன் ஆயி இல்லாத பொண்ணு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு யாரைக் கேக்கும்? என்னைத்தான் கேக்கும். என்னடின்னு கேட்டேன். 'ஆமா, பேசினேன்'னா. திரும்பினேன். ஸ்பேனர் கையில இருந்துச்சு. அவ குறுக்க வந்துட்டா. படியில விழுந்தா. எல்லாம் ஒண்ணுதான் சார், விழுந்தது விழுந்ததுதானே. ஆஸ்பத்திரியில அவளே சொன்னா, விழுந்துட்டேன்னு. நான் சொல்லிக் குடுக்கல. அவளாத்தான் சொன்னா.

அந்தப் பையன் யாருன்னு அப்புறம் நான் விசாரிக்கவே இல்ல. அவளும் சொல்லல.

அந்தத் தலையை எடுத்துடுங்கன்னு சொல்லணும்னு அப்புறமும் தஞ்சாவூருக்குப் போனேன். மில்லைச் சாத்திட்டுப் போனேன். போறப்பல்லாம் கூட்டம். எப்படிச் சொல்றது? ஓரமா நின்னுட்டு வந்துடுவேன். இந்திராணிகிட்ட மில்லுக்கு உதிரி சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். ஒருநாள் ஒரு வயசான அம்மா, கையில மஞ்சப்பை, யாரு கூடவோ வந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி வந்து நின்னாங்க. மத்ததையெல்லாம் சும்மா தாண்டிப் போனவங்க இதுகிட்ட நின்னுட்டாங்க. கன்னத்தைத் தொட்டாங்க, தொடக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு, தொட்டாங்க. "யாரு பெத்த புள்ளையோ, என்ன செஞ்சுட்டு இப்படி அழுவுதோ"ன்னாங்க.

நான் பக்கத்துல நிக்கிறேன் சார். கை நீட்டினா எட்டுற தூரம். என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாத்துட்டு, "கொஞ்சம் தள்ளுங்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடையாளமே தெரியல. அப்ப அது நான் இல்லைன்னுதானே ஆவுது? எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதானே? அது எனக்கு நிம்மதியா இருக்கணும். ஆனா பாருங்க, அன்னிக்குப் பஸ்ஸு ஏற மனசே வரல. ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன். அந்தம்மா பின்னாடி ஓடிப்போய் நான்தாங்க அதுன்னு சொல்லியிருக்கணுமோன்னு ஒரு நெனப்பு. என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்க.

ஒருநாள் செவரம் பண்ணுறப்ப கண்ணாடியில வாயை அந்த மாதிரி வச்சுப் பாத்தேன். வரல. கோணுது, ஆனா அந்த மாதிரி வரல.

இப்ப அவ போறா சார். போயிட்டா. நேத்து. திருச்சிப் பக்கம் காது கேக்காத புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடமாம், மண்ணுல பொம்மை செய்யச் சொல்லிக் குடுக்கணுமாம். தங்க எடம் குடுக்குறாங்க. அந்த வாத்தியாருதான் ஏற்பாடு. ஒரு பெட்டி, ஒரு பை. இந்திராணி அழுவுறா, புள்ளைங்க போன்ல அழுவுது. நான் போடின்னும் சொல்லல, இருடின்னும் சொல்லல. ஆட்டோ வந்து நிக்குது. அவ என் முன்னாடி வந்து நின்னா. முந்தானை தோள்ல. கால்ல விழுவான்னு நெனச்சேன், எப்ப ஊருக்குப் போனாலும் விழுவா. விழல. என் கையைப் பிடிச்சா. அவ கை சொரசொரன்னு இருக்கு.

"கண்காட்சி நாளையோட முடியுதுண்ணே. அந்தத் தலையை நீங்க போய் எடுத்துக்குங்க"ன்னா.

"எனக்கு எதுக்குடி அது? நீ செஞ்சது, நீயே கொண்டு போ."

"அது இனிமே எனக்கு வேண்டாம்ணே. இத்தனை நாளு நான் வச்சிருந்தேன். நீங்க வச்சிக்குங்க."

கோவமாச் சொல்லல சார். கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கடனைத் திருப்பிக் குடுக்குற மாதிரியும் சொல்லல. சின்னப்புள்ள தூங்குறப்ப இந்தா கொஞ்ச நேரம் வச்சிக்கன்னு மடி மாத்துவாங்க பாருங்க, அப்படி இருந்துச்சு. ஆட்டோவுல ஏறினா. திரும்பிப் பாத்தா. சாஞ்ச கண்ணாலயும் சேத்துத்தான் பாத்தா.

அதான் போறேன். ஒடைச்சுப் போட்டுட்டு வரப் போறேன்னு இந்திராணிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பினேன். அவ உள்ள போய்ப் பழைய போர்வை ஒண்ணு எடுத்துட்டு வந்து குடுத்தா, சுத்திக் கொண்டாங்கன்னு. வாங்கிக்கிட்டேன்.

பெரிய கோயில் கோபுரம் தெரியுது பாருங்க. எறங்க வேண்டியதுதான். சார், நீங்க படிச்சவங்களாத் தெரியுறீங்க, ஒண்ணு கேக்குறேன். அதைக் கொண்டாந்து எங்க வைக்கிறது? உள்ள தூக்கி வச்சா நான் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும். கூடத்துல வச்சா வர்றவங்க கேப்பாங்க. யாருங்க இது, ஏன் இப்படி அழுவுறாருன்னு கேப்பாங்க.

கேட்டா என்ன சார் சொல்றது?